எடுக்கச் சொன்னால் இன்னொன்று

உணவுக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்டுகளில், அதாவது கம்பிவலைக் குழல்களில், ஒரு வகைக்கு நடுப்பகுதியில் மட்டும்தான் உறை உண்டு. மேல் முனையும் கீழ் முனையும் வெறும் கம்பிவலை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பற்றிக்கொண்டால்தான் ஸ்டென்ட் வழுக்கி வயிற்றுக்குள் இறங்காமல் வைத்த இடத்தில் நிற்கும். முழுக்க உறை போட்ட வகையும் இருக்கிறது. அதை எடுப்பது சுலபம், ஆனால் அது நழுவுவதும் சுலபம். நழுவாமல் நிற்கவும் வேண்டும், நினைத்த நாளில் நோகாமல் வரவும் வேண்டும் என்றால் அப்படி ஒன்று இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

நான் கோயம்புத்தூரில் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அப்பா ஓதுவாரிடம் தேவாரம் கற்றவர். வீட்டில் எனக்கு அந்த வாசனை உண்டு. ஆனால் சாத்திரம் படிக்கத் தூண்டியது இந்த வேலைதான். பற்றிக்கொண்ட ஒன்றை எப்படி விடுவிப்பது என்பதை வாரத்தில் ஆறு நாள் கையால் பார்க்கிறேன். ஏழாம் நாள் அதே கேள்வியை அந்தச் சாத்திரங்களை எழுதிய மெய்கண்டாரும் அருணந்தியும் எப்படிக் கேட்டார்கள் என்று படிக்கிறேன். இந்த இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர். நெடுஞ்சாலைக் கடையில் அவசரமாகச் சாப்பிட்டபோது கோழி எலும்பு ஒன்று உணவுக்குழாயைக் கிழித்துவிட்டது. அந்தக் குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம்தான். ஆனால் அதை ஒட்டி மூச்சுக்குழாய் போகிறது, இதயம் இருக்கிறது, பெருந்தமனி இறங்குகிறது. கிழிசல் வழியே எச்சில் கசிந்தாலே நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் கட்டும், உயிரே போகலாம். நடுவில் மட்டும் உறை உள்ள ஸ்டென்ட் வைத்துக் கிழிசலை மூடினார்கள். பிழைத்தார். ஆறு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவர் வந்தது ஐந்து மாதம் கழித்து, கஞ்சியும் இறங்காத நிலையில்.

“சோறு நல்லா எறங்குச்சுங்க அக்கா, அதனால உள்ள ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சுங்க” என்றார் அவர் மனைவி. வண்டிக்கு டியூ கட்ட வேண்டும், குஜராத் லோடு விடாமல் வந்துகொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவி செய்யும் பொருள் நன்றாக உதவும்போது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஸ்கோப் உள்ளே போனதும் திரையில் பார்த்தோம். மேல் முனையில் கம்பியே தெரியவில்லை. சிவந்த, மேடுமேடான சதை வலையின் கண்களுக்குள் புகுந்து, மறுபக்கம் பொங்கி, வழியை அடைத்திருந்தது. இந்த இடத்தில்தான் என் யோசனை தொடங்குகிறது. கம்பி அவரைப் பிடிக்கவில்லை. அது நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த நிட்டினால் என்ற உலோகம், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டறியப்பட்டது. சுருக்கி உள்ளே விட்டால் தன் பழைய வடிவத்துக்கு விரியும், அவ்வளவுதான் அதன் வேலை. பிடித்தது அவருடைய சொந்தச் சதை.

அருணந்தி சிவாச்சாரியார் தம் சீடர்களோடு மெய்கண்டாரைச் சோதிக்க வந்து, ஆன்மாவை மூடும் ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. மெய்கண்டார் பதில் பேசவில்லை. நின்றுகொண்டிருந்த அருணந்தியையே பார்த்தார். கேட்டவருக்குப் புரிந்துவிட்டது, அங்கேயே சீடரானார். ஆணவத்தைச் சுட்டிக்காட்ட வெளியே ஓர் இடம் கிடையாது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. திரையில் அந்தச் சிவந்த சதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

விழுங்கிவிட்ட பொருளை எடுப்பது வேறு கலை. ஃபிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த ஊக்கு, பொத்தான், காசு என்று 2,374 பொருள்கள் அங்குள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. ஊக்கு வாய் திறந்த நிலையில் சிக்கியிருந்தாலும் அது ஊக்குதான், குழாய் குழாய்தான். எந்தக் கோணத்தில் பிடித்தால் கிழிக்காமல் வரும் என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். பதிந்துபோன ஸ்டென்டில் அந்த எல்லைக்கோடு அழிந்துவிடுகிறது. எது உலோகம், எது மனிதன் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் அடுக்கு உண்டாகிவிடுகிறது. அதை இழுத்தால் மனிதனும் சேர்ந்து வருவான்.

இழுப்பதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. மேல் விளிம்பில் ஒரு நூல் வளையம் இருக்கும். எலிப்பல் ஃபோர்செப்ஸால் அதைக் கவ்வி இழுத்தால் முனை சுருங்கி, ஒட்டாத ஸ்டென்ட் அப்படியே மேலே வந்துவிடும். கீழ் முனையைப் பிடித்து உள்ளுக்குள்ளாகவே புரட்டி எடுப்பதும் உண்டு. வளர்ந்த சதையை ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக் கரைப்பதும் உண்டு. டாக்டர் நூலைக் கவ்வி மிக மெல்ல ஒரு முறை இழுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே திரையில் ஸ்டென்டோடு உணவுக்குழாயே மேலே ஏறியது. உடனே விட்டுவிட்டார். ஈய ஏப்ரனுக்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அன்று செய்தது வேறு. பதிந்த ஸ்டென்டுக்குள்ளேயே இன்னொரு ஸ்டென்டை வைத்தோம். இது முழுக்க உறை போட்டது. பழையதன் விட்டத்துக்குக் குறையாதது. இரண்டு பக்க வெறும் முனைகளையும் தாண்டி நிற்கும் நீளம் உள்ளது. விரிந்ததும் அது வலைக்கண்களில் புகுந்த சதையைப் பழைய கம்பியோடு சேர்த்து அழுத்தும். அழுத்தத்தில் அந்தச் சதைக்கு ரத்த ஓட்டம் நின்று, பத்துப் பதினான்கு நாளில் அது தானாகச் செத்துக் கரையும். அதன் பிறகு உள்ளே இருப்பதை முதலில், வெளியே இருப்பதை அடுத்து என்று இரண்டையும் எடுத்துவிடலாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் மருத்துவர்கள் 2011இல் இந்த முறையை விரிவாக எழுதினார்கள். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

மயக்கம் தெளிந்ததும் நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். ஓட்டுநர் என்னைத்தான் கேட்டார். “ஏனுங்க சிஸ்டர், உள்ள இருக்கறத எடுங்கன்னு வந்தா இன்னொண்ண வெச்சு அனுப்பறீங்களே, இது எந்த ஊரு நாயங்க?”

அந்தக் கேள்வியைச் சித்தியாரில் அப்படியே கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி இந்தத் தடையைத் தாமே எழுப்புகிறார். உடம்பும் கருவிகளும் உலகமும் மாயையிலிருந்து வந்தவை. மாயையும் ஒரு மலம், அதாவது அழுக்கு. ஆன்மாவை மூடிய ஆணவ மலத்தைப் போக்க இறைவன் ஏன் இன்னொரு மலத்தைக் கொண்டுவந்து பூட்டுகிறான்? மலத்தை மலத்தால் கழுவுவதாவது? துணி வெளுப்பவர் செய்வதைச் சுட்டித்தான் அவர் விடை சொல்கிறார். அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறார்கள். பார்ப்பவருக்கு அது மேலும் அழுக்காவதுபோலத் தெரியும். ஊறிய பின் சாணியும் உவரும் போகும்போது பழைய அழுக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன.

வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் ஓட்டுநரின் கேள்வியைச் சொன்னதும், “அவர் சித்தியார் படிக்காமலே பூர்வபட்சம் பேசிட்டாரும்மா” என்று மகிழ்ந்துபோனார். பிறகு திரோதான சக்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அது சிவனுடைய அருளே. ஆனால் மறைத்து நின்று, மலங்களோடு கூட நின்று, அவற்றைப் பழுக்க வைக்கிறது. அதனாலேயே அதையும் மலம் என்ற பெயரால் எண்ணி ஐந்து மலம் என்று கணக்குச் சொல்வதுண்டு. அருளுக்கு மலம் என்று பெயர் விழுந்ததை நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டுநருக்கும் உள்ளே வைத்த இரண்டும் உலோகம்தான். வைத்தவர்களின் நோக்கத்தில்தான் வேறுபாடு இருந்தது, உடம்பில் அந்த வேறுபாடு தெரியாது. முதல் மூன்று நாளும் அவருக்கு நெஞ்சு வலித்தது.

இதில் ஒரு தத்துவ வழக்கு ஒளிந்திருக்கிறது. கட்டு என்பது ஒரு தவறான எண்ணமா, அல்லது நிஜமாகவே உள்ள ஒரு பொருளா? கயிற்றைப் பாம்பென்று நினைத்த மயக்கம்தான் கட்டு என்றால் விளக்கு வந்ததும் அது போய்விடும். அறிவு ஒன்றே போதும். அத்வைதத்தின் பக்கம் அது. சைவ ஆகம மரபின் பழைய ஆசிரியர்கள், 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் எழுதிய அகோர சிவாச்சாரியார் உள்பட, இதை ஏற்கவில்லை. மலம் ஒரு பொருள் என்றார்கள். கண்ணில் படலம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் படலம் விலகாது. வைத்தியன் கருவியோடு வந்து நீக்க வேண்டும். அதுபோல மலம் நீங்கச் சிவனுடைய செயல் வேண்டும், அந்தச் செயலே தீக்கை என்பது அவர்கள் வாதம். மெய்கண்டார் வழியில் ஞானத்துக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. ஆனால் அந்த ஞானமும் ஆன்மா தானாக யோசித்துத் தேடிக்கொள்வது இல்லை, பதியாகிய சிவன் தருவது.

நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்து எக்ஸ்ரே எடுத்தாலும், சதை எந்த வலைக்கண்ணில் எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று துல்லியமாக அறிந்தாலும், ஸ்டென்ட் இம்மியும் அசையாது. ஓட்டுநருக்குத் தன் உடம்பில் நடப்பது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் படம் போட்டே காட்டினோம். தெரிந்ததால் மட்டும் கஞ்சி இறங்கிவிடவில்லை. தன் பிடிவாதத்தை, பயத்தை, பழைய பகையை முழுதாகப் புரிந்துகொண்ட பிறகும் அவற்றை அசைக்க முடியாமல் தவிப்பவர்களை நானும் அறிவேன், படிக்கிறவர்களும் அறிவார்கள். அவர்களிடம் போய் அது வெறும் மயக்கம், விழித்துக்கொள் என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு என்றே நினைக்கிறேன். அந்த எண்ணம் அவர்களுக்குள் திசுவாக வளர்ந்துவிட்டது.

ஆனால் உவமையைக் கண்மூடித்தனமாகப் பின்தொடரவும் எனக்கு விருப்பம் இல்லை. ஆணவம் அநாதி, யாரும் வைத்ததல்ல. முதல் ஸ்டென்டை ஒருவர் வைத்தார், அதுவும் உயிர் காக்க வைத்தார். ஆகவே அது ஆணவத்துக்கு ஒப்பாகாது. பின் எதற்கு ஒப்பு? ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றியவற்றுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விதவையான என் சித்தியைத் தாங்கி நிறுத்தியது அவருடைய ஆசாரம். மடி, விரதம், யார் கையில் தண்ணீர் வாங்குவது என்ற கணக்கு. சித்தப்பா போன அந்த ஆண்டில் அது இல்லாவிட்டால் அவர் சிதறியிருப்பார். முப்பது ஆண்டு கழித்து அதே ஆசாரம் சொந்தப் பேத்தியைச் சமையலறைக்குள் விடாமல் தடுத்தது. சித்தியின் ஆசாரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று வீட்டில் இளையவர்கள் கத்தினார்கள். அதோடு சித்தியும் கிழிந்திருப்பார். கடைசியில் அதைத் தளர்த்தியதும் ஒரு வழிபாடுதான். ஊர்க் கோயிலில் உழவாரப் பணிக்கு வாரந்தோறும் போகத் தொடங்கினார். பல சாதிப் பெண்களோடு சேர்ந்து புல் செதுக்கினார், அவர்கள் கொண்டுவந்த மோரைக் குடித்தார். யாரும் எதையும் இழுக்கவில்லை. புதிய பற்று பழையதன் வேரில் ரத்த ஓட்டத்தை நிறுத்தியது.

பற்றே உண்டாக்காத உதவி ஒன்று கிடைக்காதா என்று மனிதர்கள் தேடாமல் இல்லை. அறுவை மருத்துவர்கள் தைக்கும், தானாகக் கரையும் நூல் இருக்கிறதே, அதே பாலிடையாக்ஸனோனால் பின்னிய ஸ்டென்டுகள் வந்திருக்கின்றன. சுமார் மூன்று மாதத்தில் கரைந்துவிடும், எடுக்கவே வேண்டாம். முதலில் கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தான் இருந்த சுவடே இல்லாமல் போகும் குருவைப் போல அல்லவா அது? ஆனால் அது இருக்கும் நாளிலும் சதை எதிர்வினை காட்டி வளர்கிறது. அது கரைந்த பின் குழாய் மறுபடி சுருங்கி, இன்னொன்று வைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வந்து தொட்ட எதுவும் உடம்பில் ஏதோ செய்துவிட்டுத்தான் போகிறது.

வலியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது, மலம் பழுத்து விலகும் மலபரிபாகம் வர இறைவன் வினைகளை ஊட்டுகிறான் என்று சாத்திரம் சொல்கிறது. சித்தாந்தம் படிக்கிறவள் என்ற முறையில் நான் அதை நம்புகிறேன். ஆனால் படுக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓட்டுநருக்கு நாங்கள் கொடுத்த வலிக்குக் காரணம் இருந்தது, எடுக்கும் தேதி இருந்தது, வலி மருந்து இருந்தது, கூப்பிட்டால் வர ஆள் இருந்தது. இவை நான்கும் இருந்ததால்தான் அந்த வலியைக் கொடுக்க எங்களுக்கு முகம் இருந்தது. வலியை அருள் என்று சொல்லும் இறையியல் இந்த நான்கையும் இறைவனிடமும் கேட்க வேண்டும். ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “திரோதானம் உள்ளேயே நிக்குதுன்னுதானேம்மா சொல்றோம், தள்ளி நின்னு பாக்குதுன்னு சொல்லலையே” என்றார். அது எனக்குப் பாதி விடை. உடன் நிற்கிறான் என்பது சரி. தேதி? அதை எந்தச் சூத்திரமும் தரவில்லை, அந்தப் பாதி இன்னும் எனக்குள் கேள்வியாகவே இருக்கிறது.

எல்லா ஸ்டென்டையும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்களிடம் ஸ்டென்ட் வைத்துக்கொள்கிறவர்களில் நிறையப் பேர் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள், மீதி நாளில் கொஞ்சம் இட்லியும் தண்ணீரும் இறங்க வேண்டும் என்பதற்காக வைத்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு அது பதிவதே நல்லது. பதிந்தால் நழுவாது, நழுவாவிட்டால் மறுபடி ஸ்கோப் வேண்டாம். மூத்த பாட்டி ஒருவர், “இது என்னோடயே வந்துருமா சாமி?” என்று கேட்டார். வரும் பாட்டி என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார். எல்லாப் பற்றையும் எல்லாரும் உடனே விட்டுவிட வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றும். விடுவது யாருக்கு, எப்போது, விட்ட பின் அவருக்கு எத்தனை காலம் இருக்கிறது என்று பார்க்காமல் துறவைப் பேசுவது மருத்துவமும் ஆகாது, ஆன்மிகமும் ஆகாது.

ஓட்டுநர் சொன்ன தேதிக்கு வந்தார். இந்தத் தடவை மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். வைத்தது முழு உறை போட்டதுதான் என்றாலும் நாள் கடந்தால் அதன் முனைகளிலும் சதை மேலேறும். விடுவிக்க வைத்ததையும் நேரத்தில் எடுக்க வேண்டும். உள்ளே இருந்தது நூலைப் பிடித்ததும் வந்தது. பழையதன் மேல் முனையில் இப்போது கம்பிகள் பளிச்சென்று தெரிந்தன. சதை வெளிறி விலகியிருந்தது. டாக்டர் கவ்வி இழுத்தார். எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் மட்டும் மேலே ஏறியது. சின்ன ரத்தக் கசிவு, அதுவும் தானாக நின்றது. பிறகு சாயம் குடிக்கவைத்துப் படம் எடுத்தோம். எங்கும் கசியவில்லை.

ஆனால் கம்பி இருந்த இடத்தில் தழும்பு இருக்கும். தழும்பு சுருங்கினால் வழி மறுபடி குறுகும்; பலூன் விட்டு விரிக்க வேண்டி வரலாம். சித்தாந்தத்திலும் முத்தியில் ஆணவம் அழிந்துபோவதாகச் சொல்லவில்லை, அதன் சக்தி கெட்டு அடங்கிக் கிடப்பதாகவே சொல்கிறார்கள். வாசனாமலம் என்று ஒன்றை மிச்சம் வைக்கிறார்கள். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் கடைசி, பன்னிரண்டாம் சூத்திரம் முத்தி கிட்டியவருக்கே எழுதியது: மலம் கழுவிக்கொண்டே இரு, அன்பர்களோடு சேர்ந்தே இரு, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமென்று தொழுதுகொண்டே இரு. விடுபட்டவருக்கு ஏன் இத்தனை கட்டளை என்று வகுப்பில் ஓர் இளைஞர் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். ஓட்டுநரின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பற்றிச் சொன்னேன். அதில் ரிவ்யூ தேதி மூன்று எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் நான் அந்தம்மாவுக்குப் போன் செய்வதாகச் சொல்லி எண் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் தேதிக்கு இருவரும் வந்துவிட்டுப் போனார்கள். லேசான சுருக்கம் இருந்தது, விரித்துவிட்டோம். அடுத்தது ஆடிப்பெருக்கு கழிந்து வருகிறது.